வலப்பக்கம் சாய்ந்த கோடுகள்

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு. பதினோரு மாதங்களில் ஸ்கோப் அக்கா கம்ப்யூட்டர் திரையில் மவுஸால் இழுத்த கோடுகளின் எண்ணிக்கை இது. எண்ணியது சாஃப்ட்வேர். அக்காவைக் கேட்டால், "என் மணிக்கட்டைக் கேளுங்க, இன்னும் கரெக்டா சொல்லும்" என்பாள். ஏழாவது மாதத்திலிருந்து வலது மணிக்கட்டில் நீலநிறப் பட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள்.

வயது நாற்பத்தாறு. ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், மைக்ராஸ்கோப்புக்குப் பொறுப்பான டெக்னீஷியனாக இருபத்திரண்டு வருட சர்வீஸ். புதிதாகச் சேரும் மாணவர்கள் வந்த அன்றே அவளை ஸ்கோப் அக்கா என்று கூப்பிடக் கற்றுக்கொள்வார்கள். அடுத்த மாதம் ரிடையர் ஆகப்போகும் வாட்ச்மேனும் அப்படித்தான் கூப்பிடுகிறார். மைக்ராஸ்கோப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு. உள்ளே முப்பத்தேழு டிகிரி, உடம்புச் சூடு. கூண்டுக்கு வெளியே கேமராவுக்காக ஏசி பதினெட்டில் ஓடும். செல்லுக்குக் கதகதப்பு, அக்காவுக்கு ஸ்வெட்டர்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சரக்குப் போக்குவரத்து. எல்லா செல்லுக்குள்ளும் அது நடக்கிறது என்றாலும் நரம்பு செல்லில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், காரணம் அதன் நீளம். முதுகுத்தண்டை ஒட்டிச் செல்லின் உடல். அங்கிருந்து கிளம்பும் வால் கால் கட்டைவிரல் வரை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். வாலின் நுனிக்கு வேண்டியதில் பெரும்பகுதி உடலில்தான் தயாராகிறது. அது நுனிவரை போய்ச் சேர வேண்டும். வால் நெடுகத் தண்டவாளம்போல் நுண்குழல்கள் கிடக்கின்றன. அதன்மேல் கைனசின் என்ற புரதம் மூட்டையைச் சுமந்துகொண்டு இரண்டு கால்களால் நடக்கிறது. ஆம், நடக்கிறது. ஓர் அடிக்கு எட்டு நானோமீட்டர், நொடிக்கு நூறு அடி. ஏறக்குறைய ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காலி டப்பாவும் பழுதான சாமானும் திரும்பி வர வேண்டுமே. அதை எதிர்த்திசையில் இழுத்து வருவது டைனீன் என்ற இன்னொரு புரதம். லேபில் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்லி வாயை நோகவைத்துக்கொள்வதில்லை. போறவன், வர்றவன். அவ்வளவுதான்.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பார்சல் டிப்போவில் லோடு பிரிக்கும் சூப்பர்வைசர். இந்த விஷயத்தை அவரிடம் முதன்முதலாகச் சொன்னபோது தொழில்முறையில் ஆர்வம் வந்துவிட்டது.

"நொடிக்கு ஒரு மைக்ரான்னா, ஒரு மீட்டர் போக எத்தனை நாளாகும்?"

"பன்னிரண்டு நாள். நிக்காம நடந்தா."

"நிப்பானா?"

"நிப்பான். திடீர்னு திரும்புவான். நடுவழியில மூட்டையைப் போட்டுட்டுப் போயிடுவான்."

"அப்ப நம்ம ஆளுங்கதான். யூனியன் இருக்கான்னு பாரு."

அக்காவின் வேலையில் இரண்டு பகுதி. செவ்வாயும் புதனும் படம் எடுப்பது. மற்ற நாட்களில் எடுத்த படத்தைக் கோடாக்குவது. நரம்பு செல்களை வளர்க்கும் டிஷ் உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் இடப்பக்கம் செல்களின் உடல்கள் இருக்கும் அறை. வலப்பக்கம் ஒரு காலி அறை. நடுவே முடியைவிட மெல்லிய பள்ளங்கள். வால்கள் பள்ளம் வழியாக வலப்பக்கம் வளர்ந்து போகும். பள்ளத்தின் நடுவில் கேமராவை வைத்தால், உடலும் தெரியாது, நுனியும் தெரியாது. சாயம் ஏற்றிய சரக்குகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாக நகரும். ஒவ்வொரு நொடியின் படத்திலிருந்தும் ஒரு கீற்றை வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், நின்ற சரக்கு செங்குத்துக் கோடாக விழும். வலப்பக்கம் சாய்ந்த கோடு என்றால் போறவன். இடப்பக்கம் சாய்ந்தால் வர்றவன். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் கம்ப்யூட்டர் குழம்பிவிடும், ஆளை மாற்றிப் பிடித்துவிடும். ஆகவே மனிதக் கண். ஆகவே அக்கா.

இந்த வேலைக்கு ஆரம்பத்திலேயே ஒரு பரிசு சொல்லப்பட்டிருந்தது. ஆறாவது இடம்.

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா எடுத்த படங்கள் முப்பத்தொரு ஆய்வுக் கட்டுரைகளில் வந்திருக்கின்றன. எழுதியவர்கள் பட்டியலில் ஒன்றில்கூட அவள் இல்லை. நான்கில், கடைசிப் பக்கத்தில், தொழில்நுட்ப உதவிக்கு நன்றி. இன்னொன்றில் மைக்ராஸ்கோப்பின் மாடல் நம்பர் வரை இருந்தது, அக்கா இல்லை. இந்த முறை லேபின் தலைவி, எல்லோருக்கும் மேடம், தானாகவே சொன்னார்: "இத்தனை கோடு இழுக்கப்போறவங்களை விட்டுட்டு எப்படி? ஏழு பேர்ல நீங்க ஆறாவது. ஏழாவது நான்."

அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டாள். பத்தாவது படிக்கும் மகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏழு பேர்ல ஆறாவதா? நான் அப்படி வந்தா வீட்டையே ரெண்டாக்கிடுவ."

"அது வேறடி. இதுல கடைசி இடம்தான் பெரிய இடம். அதுக்குப் பக்கத்துல நான்."

"அப்ப ஏழாவது வாங்கியிருக்கலாம்ல?"

வீட்டுக்காரர் மறுநாள் டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். லோடு இறக்கும் ஒருவர், "சார், உங்க வீட்ல அக்கா ஏதோ நரம்பு டாக்டராமே, என் தோள்பட்டையைக் கொஞ்சம் காட்டட்டுமா?" என்று கேட்டாராம். அக்கா சிரித்தாள். ஆனால் துணி மடிக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, அந்தப் பட்டியலை மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டாள். ஐந்து பேர், அப்புறம் தான், அப்புறம் மேடம். எழுதி எழுதிப் பார்த்ததில் அது ஏற்கெனவே அச்சாகிவிட்டது போலவே ஆகிவிட்டது.

*

சோதனை இதுதான். ஒரு மருந்தை நரம்பு செல்லுக்குக் கொடுத்தால் சரக்குப் போக்குவரத்து என்ன ஆகிறது? மருந்து போடாத டிஷ் பாதி, போட்டது பாதி, இரண்டையும் கலந்து ஒரே நாளில் எடுப்பதாகத்தான் திட்டம். மருந்து வரவில்லை. நாற்பது நாள் ஏதோ ஒரு கிடங்கில் தூங்கியது. ("எங்க டிப்போ இல்ல. நான் பார்த்துட்டேன்" என்றார் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே.) சும்மா இருப்பானேன் என்று மருந்து போடாத டிஷ்களை முழுக்க எடுத்து முடித்துவிட்டார்கள். மருந்து வந்தபிறகு மருந்து போட்டவை.

இடையில் மார்ச் ஒன்பதாம் தேதி கேமராவுக்கு சர்வீஸ். காலை பத்துக்கு வருவதாகச் சொன்ன என்ஜினீயர் நாலரைக்கு வந்தார். கேமராவைக் கழற்றித் துடைத்து மாட்டி, சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினார். ஐந்தே முக்காலுக்கு அக்காவின் கடைசி நேர் பஸ். தூரம் சரியாக அளக்கிறதா என்று பார்த்தாள், சரி. படம் கூர்மையாக இருக்கிறதா, சரி. சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

மருந்து வந்ததும் அக்கா ஒரு விஷயம் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, சோதனையை நடத்தும் ஆராய்ச்சியாளனிடம். முப்பத்தொரு வயது, ஒரு கைக்குழந்தைக்கு அப்பா. பேசும்போது சிவப்பு விளக்குப் பேனாவைச் சுவர், டீ கப், எதிரில் நிற்பவரின் சட்டை என்று எங்கெங்கோ அடித்துக் காட்டுவதால் லேசர் என்று பெயராகிவிட்டது.

"மருந்து போடாத டிஷ்ஷும் ஒண்ணு ரெண்டு சேர்த்து எடுத்துடலாமேப்பா. ஒரே நாள்ல ரெண்டும் இருக்கணும்ல?"

"அதான் நூத்திச் சொச்சம் எடுத்தாச்சேக்கா."

"அது அப்ப. இது இப்ப."

"செல்லும் அதே, டிஷ்ஷும் அதே, மைக்ராஸ்கோப்பும் அதே, நீங்களும் அதே. என்ன மாறிடப்போகுது?"

இரண்டாவது தடவை, வாராந்தரக் கூட்டத்தில். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பை நான்கு குழுக்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. வாரத்துக்கு இரண்டு நாள்தான் இவர்களுக்கு. "இருக்கிற நேரத்துல புதுசு எடுப்போம். எடுத்ததையே எடுக்க வேண்டாம்." மூன்றாவது தடவை, அக்கா முன்பதிவு ரெஜிஸ்டரில் எழுதியே வைத்தாள்: மருந்து இல்லாத டிஷ் ஒன்று, ஒவ்வொரு வாரமும். மறுநாள் பார்த்தால் அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "தேவையில்லை."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் கேட்காதவர்களிடம் நாலாவது தடவையும் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்து?

*

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு லேசர் மைக்ராஸ்கோப் அறைக்குள் வந்து, அச்சடித்த அட்டவணையை விசைப்பலகைமேல் வைத்தான். முகமெல்லாம் பல்.

"ஒரு தடவை பார்த்துடுங்கக்கா. தப்பு இருந்தா சொல்லுங்க. இருக்காது."

மருந்து இல்லாதபோது நூற்றுக்கு அறுபத்தொரு சரக்குகள் வெளியே போயின, முப்பத்தொன்பது திரும்பி வந்தன. மருந்து போட்டபின் நாற்பது போயின, அறுபது திரும்பின. இதுதான் கண்டுபிடிப்பு. இதுவரை யாரும் பார்க்காதது. மருந்து சரக்கைத் திருப்பிவிடுகிறது.

அக்காவின் கண் அடுத்த வரியில் நின்றது. வேகம். மருந்து இல்லாதபோது போறவன் நொடிக்கு 0.8 மைக்ரான், வர்றவன் 1.1. மருந்து போட்டபின் போறவன் 1.1, வர்றவன் 0.8.

வாசலில் விட்ட செருப்பை யாரோ கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனதுபோல் இருந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"எதுக்கா?"

"வேகம். இவனோடது அவனுக்குப் போயிருக்கு, அவனோடது இவனுக்கு வந்திருக்கு."

"அதுதானேக்கா விசேஷமே! மருந்து ரெண்டு மோட்டாரையும் தொடுது. அதைப் பத்தி ஒரு பாராவே எழுதியிருக்கேன்."

"ஏம்ப்பா, மருந்து ஒருத்தனைத் திருப்பி அனுப்பலாம். சரி. இவன் நடையைக் கழட்டி அவனுக்கு மாட்டுமா?"

லேசரின் சிரிப்பு பாதி குறைந்தது. "அக்கா, நாளைக்கு அஞ்சு மணிக்கு அனுப்பணும். இப்ப போய்…"

"நீதானே தப்பு இருந்தா சொல்லுன்னு சொன்ன?"

"தப்பைச் சொல்லுங்கன்னேன். சந்தேகத்தைச் சொல்லுங்கன்னு சொல்லலை."

அவன் போய்விட்டான். அக்கா இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். பதினோரு மாதம் ஒருவன் நடையைப் பார்த்தால் அவன் முகம் எதற்கு? இவளுடைய டிஷ்களில் போறவன் நிதானம். ஒரே சீராக, அலுவலகத்துக்குப் போகிற மாதிரிப் போவான். வர்றவன் விடுவிடுவென்று நாலு எட்டு, சட்டென்று நிற்பது, மறுபடி ஓட்டம். மருந்துப் படத்தில் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தவை விடுவிடுவென்று ஓடி, நின்று, ஓடின. திரைக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தாள். நடை அதே நடை. திசைதான் வேறு.

கண்ணாடியில் பார்ப்பதுபோல்.

சோதிப்பது சுலபம். அளவுக் கண்ணாடி என்று ஒரு ஸ்லைடு இருக்கிறது. அதில் மெல்லிய அளவுக்கோடுகளும் பக்கத்தில் எண்களும் பொறித்திருக்கும். கோடு எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு. எண் அப்படி இல்லை. கேமரா வந்த முதல் நாளில் அதை எடுத்த படம் அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது: 10, 20, 30. இப்போது அதையே மறுபடி எடுத்துப் பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

இரண்டு நிமிட வேலைக்கு நாலு மணி நேரம் ஆயிற்று.

அளவுக் கண்ணாடி டிராயரில் இல்லை. ரெஜிஸ்டரில் பார்த்தால் மூன்று வாரத்துக்குமுன் இரண்டாம் மாடிக் குழு வாங்கிப் போயிருக்கிறது. இரண்டாம் மாடியில், "அதை அப்பவே முதல் மாடிக்குக் குடுத்துட்டோமேக்கா, நீங்கதான் சொன்னீங்கன்னு சொன்னாங்க" என்றார்கள். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. லிஃப்டில் "பழுது" என்ற அட்டை. முதல் மாடியில் டிராயர் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். டீக்கடையில் கேட்டால், இப்போதுதான் மேலே போனார் என்றார்கள். மேலே வந்தால் அவர் கீழே ஒரு மீட்டிங்கில்.

"ஒரு கண்ணாடித் துண்டுக்கு இத்தனை அவசரமாக்கா?" என்றார் சாவிக்காரர், பன்னிரண்டே முக்காலுக்கு.

"ஆமா. கண்ணாடித் துண்டுதான். வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ங்கிற பழக்கம் உலகத்துல வேற யாருக்காவது இருந்தா அவங்ககிட்ட குடுத்திருப்பேன்."

டிஷ்யூ பேப்பரில் சுற்றி, யாரோ ஒருவருடைய பிஸ்கட் பாக்கெட்டுக்கு அடியில் கிடந்தது.

ஒரு மணிக்கு ஒரு குழு முடித்துப் போகும். ஒன்று இருபதுக்கு அடுத்த குழு வரும். அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்து, சிறிய லென்ஸைத் திருப்பி, கண்ணாடியை வைத்து, கேமராவைப் போட்டாள்.

அளவுக்கோடுகள் வந்தன. பக்கத்தில் எண்கள். சுவரில் இருந்த 2 வலப்பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. திரையில் இருந்த 2 இடப்பக்கம் நீட்டியிருந்தது. 3 முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

சாஃப்ட்வேரில் மூன்று மெனு உள்ளே போனால் ஒரு சின்னக் கட்டம்: படத்தை இடவலமாகப் புரட்டு. அதில் டிக். மார்ச் ஒன்பதிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. மருந்து போட்ட ஒவ்வொரு படமும் இடம்வலம் புரண்ட படம். வலப்பக்கம் சாய்ந்த ஒவ்வொரு கோடும் உண்மையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு. திருப்பிப் போட்டால், போறவன் அறுபது, வர்றவன் நாற்பது. மருந்து போடாதபோது இருந்தது அறுபத்தொன்று, முப்பத்தொன்பது. மருந்து எதையும் திருப்பவில்லை. மருந்து ஒன்றுமே செய்யவில்லை.

அந்த டிக்கை எடுக்க ஒரு க்ளிக். கண்ணாடியை டிராயரில் போட்டு மூடினால் போதும், இதை யாரும் பார்க்கப் போவதில்லை. கட்டுரை போகும். ஐந்து பேர், அப்புறம் அவள், அப்புறம் மேடம். என்றைக்காவது வேறு ஊரில் வேறு யாராவது அதே மருந்தைப் போட்டுப் பார்த்து, ஏன் நமக்கு வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் கோடு இழுக்கும் இன்னொரு மணிக்கட்டு அங்கேயும் இருக்கும்.

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பையிலிருந்து ஃபோனை எடுத்து, டிக்கோடு இருக்கும் அந்தக் கட்டத்தையும், முதுகு காட்டும் 3ஐயும், சுவரில் இருக்கும் பழைய படத்தையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள்.

*

லேசர் படங்களை ஒரு முறை பார்த்தான், பெரிதாக்கிப் பார்த்தான், ஃபோனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"இது இன்னிக்கு யாராவது அமுக்கியிருக்கலாம்ல?"

"யாரு?"

"காலைல வந்த குழு."

"அப்ப நடை? காலைல வந்த குழு போன மாசத்துப் படத்துக்குள்ள போய் நடையை மாத்திட்டுப் போச்சா?"

அவன் நாற்காலியில் சாய்ந்தான். சிவப்பு விளக்குப் பேனா மேஜையில் உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. பிறகு, மெதுவாக, "சர்வீஸ் தாள்ல யாரு கையெழுத்துக்கா?" என்றான்.

கேட்பான் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சுருக்கென்றது.

"என் கையெழுத்துதான். தூரம் பார்த்தேன், எண்ணைப் பார்க்கலை. பஸ்ஸுக்கு ஓடிட்டேன். எழுதிக்கோ."

"நான் அப்படிச் சொல்லலைக்கா."

"வேற எப்படிச் சொன்ன?"

"எனக்கு இங்க வேலை இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. இந்தப் பேப்பர் இல்லைன்னா…" முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்காவுக்கு அவனைத் திட்டவும் வேண்டியிருந்தது, தட்டிக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. இரண்டும் செய்யாமல் பேனாவைக் குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

மேடத்தின் அறை வாசலில் ஐம்பது நிமிடம் இருவரும் நின்றார்கள். உள்ளே யாரோ வந்திருந்தார்கள்; சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் லேசர் சொல்ல ஆரம்பித்து, இரண்டு வாக்கியத்தில் தடுமாற, மீதியை அக்கா சொன்னாள். மேடம் படங்களைப் பார்த்தார். அட்டவணையை எடுத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதை ஏன் இப்ப வந்து சொல்றீங்க?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்த அறையில் அவள் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. கையில் கொண்டுவந்திருந்த ரெஜிஸ்டரைப் பிரித்து மேஜைமேல் வைத்து, மார்ச் மாதப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"மூணு தடவை சொன்னேன் மேடம். முதல் தடவை இவர்கிட்ட. ரெண்டாவது தடவை மீட்டிங்ல. மூணாவது இதோ. இந்தச் சிவப்புக் கோடு நான் போட்டது இல்லை."

மேடம் குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"ஒரே நாள்ல ரெண்டு டிஷ் எடுத்திருந்தா, ரெண்டும் சேர்ந்து புரண்டிருக்கும். மருந்து போடாததும் திரும்பின மாதிரி தெரிஞ்சிருக்கும். முதல் வாரமே பிடிச்சிருப்போம்" என்றாள் அக்கா. "சர்வீஸ் தாள்ல என் கையெழுத்து இருக்கு. எண்ணை வெச்சுப் பார்க்காதது என் தப்பு. அதையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கேன்." தாளையும் வைத்தாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"நாம மூணு பேருக்கு."

லேசர் தரையைப் பார்த்தான். மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு அனுப்பலை" என்றார். "எல்லாருக்கும் நான் எழுதறேன். என்ன நடந்ததுன்னு அப்படியே எழுதறேன்." லேசரைப் பார்த்து, "உன் நாலு மாசத்தைப் பத்தி நான் பேசிப் பார்க்கறேன். வாக்குக் குடுக்க முடியாது." பிறகு ஃபோனை எடுத்துவிட்டார். மன்னிப்பு என்றோ நன்றி என்றோ எதுவும் வரவில்லை. கதவருகே போன அக்காவைப் பார்த்து, "அந்த ஆறாவது இடம்…" என்று தொடங்கினார்.

"பேப்பரே இல்லையே மேடம். அப்புறம் என்ன ஆறு, ஏழு?"

"அடுத்ததுல பார்ப்போம்."

பார்ப்போம். இந்த ஒரு வார்த்தையை மட்டும் எண்ணியிருந்தால் அதுவும் முப்பத்தெட்டாயிரத்தைத் தொட்டிருக்கும்.

*

ஐந்தே முக்கால் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா பையைக்கூட வைக்காமல் எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினாள். அவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப மொத்தமா திருப்பிப் படிச்சா சரியாயிடுமா?"

"சரியாயிடும். சரியானா அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை."

"எங்க கேட்ல ஒரு தடவை கேமராவை மாத்தி மாட்டிட்டானுங்க. ஒரு வாரம் வர்ற வண்டியெல்லாம் போற வண்டின்னு…"

"உங்க கேட் கதையை இப்ப சொன்னீங்கன்னா இந்த வெங்காயம் முழுக்க நீங்களே சாப்பிடணும்."

உள்ளேயிருந்து மகள் வந்து, நிலைமை தெரியாமல், "அம்மா, உன் பேப்பர் நாளைக்குத்தானே? ஸ்கூல்ல சொல்லிட்டேன்" என்றாள்.

"நாளைக்கு இல்லை."

"அப்ப எப்ப?"

அக்கா மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்தாள். தோலில் அதன் வரிகள் சிவந்து பதிந்திருந்தன. வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள்.

"டிப்போல நான் சொல்லி வெச்சிருக்கேனே, அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?" என்றார் மெதுவாக.

"நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லுங்க."

"என்னத்தை?"

"ஒண்ணும் இல்லைங்கிறதை."

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்காமல் வெங்காயத்துக்குத் திரும்பினார்.

திங்கட்கிழமை ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் புது வரி ஒன்று இருந்தது: மருந்து போட்டது நாலு, போடாதது நாலு, ஒரே நாளில். அதற்குக் கீழே அக்கா நீல மையில் தன் வரியைச் சேர்த்தாள்: சர்வீஸுக்குப்பின் அளவுக் கண்ணாடியின் எண்ணைப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, அளவுக் கண்ணாடி இந்த அறையை விட்டு வெளியே போகாது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு லேசர் எட்டு டிஷ்களைக் கொண்டுவருகிறான். மூடிகளில் ஒன்றிலிருந்து எட்டுவரை எண் மட்டும் இருக்கும். எதில் மருந்து என்று அக்காவிடம் சொல்ல மாட்டார்கள். கூண்டு சூடாக நாற்பது நிமிடம் ஆகும் என்பதால் அக்கா ஏழு இருபதுக்கே அறையைத் திறக்கிறாள்.